நீர்க்குடமும் சிக்குன்குனியா ஜுரமும்

ஆப்பிரிக்காக் கண்டத்தின் கீழ்க்கரையில், அக்காலத்தில் டாங்கனிகா என்று வழங்கிய நாட்டின் தென்பாகத்திலே, மக்கொண்டே என்னும் மேட்டுநிலம் ஒன்றுண்டு. 1952-ஆம் வருஷத்தில் அங்குள்ள கிராமங்களில் ஒரு ஜுரம் திடீரென்று பரவிற்று. அது கண்டவர்கள் மூட்டுக்கு மூட்டு நோவெடுத்து, நிமிரமாட்டாமல் வளைந்து கிடந்தனர். வளையச் செய்வது என்று பொருள்பட அந்நாட்டார் தம் பாஷையில் இட்ட சிக்குன்குனியா என்னும் பெயரே பின்னர் உலகெங்கும் நிலைத்துவிட்டது.

இந்நோயை உண்டாக்கும் வைரஸை ஈடிஸ் என்னும் பகற்கொசு பரப்புகின்றது. நோயாளியின் இரத்தத்தில் அது ஏறக்குறைய ஒரு வாரமே உலவும். அவ்வாரத்தில் அவனைக் கடித்த கொசு, சில தினங்கள் சென்றபின் பிறரைக் கடிக்குங்கால் அதனை அவர் உடலிற் செலுத்திவிடும். கொசுவோ தான் பிறந்த வீட்டையும் அயல்வீடுகளையும் விட்டு அதிக தூரம் பறப்பதில்லை. அங்ஙனமாயின், இந்நோய் கடல் கடந்தது எவ்வாறு? நோயை உடலிற் கொண்டு பிரயாணம் செய்யும் மனிதனாலேயே என்க.

மழை மிகுந்தால் கொசு மிகும் என்பது நம்மவரின் பொது எண்ணம். மழைநீர் தேங்கிய சிரட்டையிலும் உடைந்த சட்டியிலும் ஈடிஸ் பிறப்பது மெய்யே. ஆயினும் வறட்சியும் அதற்கு உதவி செய்கின்றது. மக்கொண்டேயில் தண்ணீர் அரிதாதலால், ஜனங்கள் தூரத்திலிருந்து சுமந்து வந்து குடிசைகளுக்குள் பானைகளில் சேமித்து வைத்தனர். அப்பானைகளே கொசுவுக்குத் தொட்டிலாயின. இவ்வாறே 2004-இல் கென்யா தேசத்து லாமு தீவில் மழை பொய்த்த காலத்தில் இந்நோய் மூண்டது. பிறகு இரத்தம் எடுத்துச் சோதித்தபொழுது, அத்தீவாரில் நால்வரில் மூவருக்கு அது கண்டிருந்தமை புலனாயிற்று.

இனி நம் தேசத்து வரலாற்றை நோக்குவோம். 1963-இல் கல்கத்தாவிலும், 1964-இல் சென்னையிலும் வேலூரிலும், 1973-இல் மகாராஷ்டிரத்துப் பார்சி நகரிலும் இந்நோய் தோன்றிற்று. அப்பால் முப்பது வருஷங்களுக்கு மேலாக அதன் அரவமே பெரிதும் அடங்கியிருந்தது. 2005-ஆம் வருஷ முடிவில் மீண்டும் தலையெடுத்து, 2006-இல் மட்டும் சுமார் 13.9 லட்சம் பேருக்குக் கண்டதாகச் சர்க்கார் கணக்கில் ஏறியது. ஒருமுறை கண்டவருக்குப் பெரும்பாலும் மறுமுறை வருவதில்லை. ஆகவே ஓர் ஊரைச் சுற்றிய நோய் பற்றுதற்கு ஆளின்றி ஓய்கின்றது. பின்பு பிறந்த தலைமுறையோ எவ்விதக் காப்புமின்றி வளர்கின்றது. முப்பது வருஷ அமைதியை நாம் நோயின் ஒழிவு என்று கொண்டது பேதைமையாயிற்று.

அன்றியும், 2005-இல் வந்தது பழைய வைரஸும் அன்று. முன்னையது ஆசிய வகுப்பு. பின்னையது ஆப்பிரிக்க வகுப்பு. இடையில் ரியூனியன் தீவில் 2005, 2006 ஆகிய இரு வருஷங்களில் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்ட ஜனங்களை அது வருத்திற்று. அங்கே மிகுதியாயுள்ளது ஈடிஸ் ஆல்போபிக்டஸ் எனப்படும் புலிக்கொசு. வைரஸின் மேலுறைப் புரதத்தில் 226-ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்று மாறிய மாத்திரத்தில், அக்கொசுவின் உடலில் அது முன்னிலும் எளிதாய்ப் பெருகலாயிற்று. இத்துணைச் சிறு மாற்றத்திற்கு இத்துணைப் பெரிய விளைவோ என்று வியவாதிருத்தல் அரிது! இதே மாற்றம் 2007-இல் கேரளத்திலும் காணப்பட்டது. அவ்வருஷமே கேரளத்திலிருந்து இத்தாலி சென்ற ஒருவர் வழியாக, புலிக்கொசு ஏற்கெனவே குடியேறியிருந்த ஒரு கிராமத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஏறக்குறைய 200 பேர் நோயுற்றனர்.

வாரம் ஒருமுறை குடத்து நீரைக் கொட்டுக என்று போதிப்பது எளிது. நாலு நாளைக்கு ஒருதரம் குழாயில் நீர் வரும் தெருவில், இடுப்பில் குடம் சுமக்கும் பெண்ணுக்கு அது கொடிய போதனையாகும். குழாய் நீர் நாள்தோறும் வருமாயின், குடங்களை நிறைத்து வைப்பதற்கே அவசியம் குறையும் என்பது நமது கருத்து. அதுவரையில், குடத்தின் வாயைக் கொசு நுழையாதபடி துணியால் இறுகக் கட்டி மூடலாம். குடம் வெறுமையாகும்போதெல்லாம் உட்புறத்தை நாரினால் தேய்த்துக் கழுவவேண்டும். ஏனெனில் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும் முட்டைகள் பல மாதங்கள் உலர்ந்து கிடந்தும், மறுபடி நீர் பட்டவுடன் பொரிக்கும்.