ஓட்டையை நீங்கள் அடைக்காதீர்கள்

கேள்வி: கஸ்டமர் தந்த எஸ்டிஎல் ஃபைலை 3டி பிரிண்டரில் போட்டால் பாகம் சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் வருகிறது. பிரிண்டர் பழுதா? – வாசகர், ஓசூர்

பதில்: பிரிண்டர் நன்றாகவே இருக்கிறது. எஸ்டிஎல்லில் வெறும் எண்கள்தான் இருக்கும். இஞ்சா, மில்லிமீட்டரா என்ற தகவல் கிடையாது. கஸ்டமர் இஞ்சில் வரைந்திருக்கலாம், 25.4ஆல் பெருக்கிப் பாருங்கள். அடுத்த முறை 3எம்எஃப் ஃபைல் கேளுங்கள், அலகும் சேர்ந்தே வரும்.

கேள்வி: ஐஜிஇஎஸ் ஃபைல் போதுமா? – வாசகர், கோவை

பதில்: போதாது. அதன் கடைசிப் பதிப்பே 1996இல் வந்தது. ஸ்டெப் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பீன்யாவில் எங்கள் சிறிய யூனிட்டில் விமான பாகங்கள் செய்கிறோம். கஸ்டமர் காட்டியாவில் வரைந்து ஸ்டெப் ஃபைல் அனுப்புகிறார். எங்கள் கேம் சாஃப்ட்வேரில் திறந்தால் சர்ஃபேஸ்களுக்கு நடுவே இடைவெளி தெரிகிறது. புரோகிராமர் அதை அடைத்துவிட்டு டூல்பாத் போடுகிறார். இது சரியா? கஸ்டமரின் சாஃப்ட்வேரையே வாங்கிவிட்டால் பிரச்சினை தீருமா? – வாசகர், அல்சூர்

பதில்: சரியில்லை, தீரவும் தீராது. இரண்டு விளிம்புகள் 0.001 மி.மீ.க்குள் நெருங்கிவிட்டால் காட்டியா அவற்றை ஒன்றாகவே கொள்ளும். பாராசாலிட் என்ற வடிவியல் இன்ஜினில் இயங்கும் சாஃப்ட்வேர்களின் துல்லியம் 0.00001 மி.மீ. அங்கே மூடியிருந்த விளிம்பு இங்கே திறந்து தெரிவது இதனால்தான். வரைந்தவர் மேல் தப்பில்லை. ஆனால் உங்கள் புரோகிராமர் அதை அடைத்த நிமிடமே, யாரும் ஒப்புதல் தராத இரண்டாவது டிசைன் ஒன்று பிறந்துவிடுகிறது. இன்ஸ்பெக்‌ஷன் புரோகிராமையும் அந்தத் திருத்திய மாடலை வைத்தே எழுதினால், தவறான பாகமும் பாஸ் ஆகும். பிசகு தெரியவருவது அசெம்பிளியில்தான். நூலிழை இடைவெளிக்கெல்லாம் கஸ்டமரைத் தொல்லை செய்தால் ஆர்டர் கைநழுவும் என்பீர்கள். பெரும்பாலான இடைவெளிகளால் கெடுதல் இல்லை என்பது உண்மையே. ஆனால் எது கெடுதல் இல்லாதது என்று சொல்ல வேண்டியவர், அந்த இடத்தில் எந்தப் பாகம் வந்து உட்காரும் என்று அறிந்த டிசைனர். அந்தப் பொறுப்பை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்?

லட்சங்கள் கொட்டி அதே சாஃப்ட்வேரை வாங்குவதற்குமுன் ஏர்பஸ் ஏ380ஐ நினையுங்கள். ஜெர்மனி ஆலைகளில் காட்டியா வி4, பிரான்சில் வி5. ஒரே பெயர், வேறு பதிப்பு. ஒரு விமானத்துக்குச் சுமார் 530 கி.மீ. வயர். ஹாம்பர்க்கில் தயாரான வயர்கட்டுகள் துலூஸில் பொருந்தாமல் நின்றதும் சேர்ந்து விநியோகத்தை ஏறக்குறைய 2 ஆண்டு தள்ளிப்போட்டது. அத்தனை பெரிய கம்பெனிக்கே பெயர்ப்பொருத்தம் போதவில்லை. வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் பேசிமுடிப்பதுதான் உதவும். எந்தப் பதிப்பு, எந்த ரிவிஷன், என்ன துல்லியம் என்பதை பர்சேஸ் ஆர்டரிலேயே போடச் சொல்லுங்கள். 2014இல் வந்த ஏபி242 வகை ஸ்டெப் கேளுங்கள். டாலரன்ஸ் விவரங்களையும் மாடலோடு சேர்த்து அனுப்ப அதில் வழி உண்டு. கன அளவு, பரப்பளவு, மையப்புள்ளி மூன்றையும் அனுப்பச் சொல்லி, ஃபைலைத் திறந்ததும் ஒப்பிடுங்கள். ஒத்துவராவிட்டால் திருப்பி அனுப்புங்கள், மெஷினை ஓட்டாதீர்கள்.