வினையாளும் கல்வி

உலகில் மக்கள் மேற்கொள்ளும் வினைகளை இருவகையாகப் பகுக்கலாம். நாள்தோறும் ஒரே முறையில் நிகழ்வன ஒருவகை; ஒரு நாளில் தொடங்கி, ஒரு நாளில் முடிந்து, மீண்டும் அவ்வாறே நிகழாதன மற்றொரு வகை. வயலுக்கு நீர் பாய்ச்சுதலும் பள்ளியில் மணி அடித்தலும் முதல் வகையைச் சார்ந்தன. அவ்வயலில் கிணறு வெட்டுதலும் அப்பள்ளிக்குப் புதுக் கட்டடம் எழுப்புதலும் இரண்டாம் வகையைச் சார்ந்தன. இரண்டாம் வகை வினையைத் திட்டம் என்பர். அதனைக் குறித்த காலத்தில், குறித்த செலவில், குறித்த தரத்தில் முடித்தற்குரிய அறிவே திட்ட மேலாண்மை எனப்படும்.

"உழைப்பு ஒன்றே போதாதோ? வினை முடித்தற்கும் ஒரு கல்வி வேண்டுமோ?" என நீங்கள் வினவலாம். யானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் மாறிய வரலாற்றை முதற்கண் கூறுகின்றேன்.

யான் தமிழாசிரியனாய் இருந்த பள்ளியில் ஓராண்டு, ஆண்டு விழாப் பொறுப்பு முழுவதும் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. விழாவிற்கு முப்பது நாள்கள் இருந்தன. முதற் பத்து நாள்களையும் அழைப்பிதழிலேயே செலவிட்டேன். சிறப்பு விருந்தினரின் இசைவைப் பெற்றேன். சொற்களை மாற்றி மாற்றி எழுதினேன். அச்சகத்திற்குப் பலமுறை நடந்தேன். பதினொன்றாம் நாளிலேதான் நாடகத்தை எழுதத் தொடங்கினேன். விழா நாளும் வந்தது. அழைப்பிதழை எல்லாரும் புகழ்ந்தனர். ஆனால் நாடகத்தில் அமைச்சனாக நடித்த மாணவன், நடுவே சொல் மறந்து, மேடையில் வாய்பேசாது நின்றான். திரைக்குப் பின்னே வந்து, "ஐயா, மன்னித்து விடுங்கள்" என்று தேம்பி அழுதான். ஓர் இரவும் யான் உறங்கவில்லை.

பிழை அவனுடையது அன்று, என்னுடையதே. எவ்வாறெனின், கணக்கிட்டுப் பாருங்கள். நாடகம் எழுதுதற்கு 5 நாள், ஒத்திகைக்கு 20 நாள், மேடையில் நிறைவு ஒத்திகைக்கு 1 நாள். ஆக 26 நாள். விருந்தினர் இசைவு பெற 7 நாள், அழைப்பிதழ் அச்சிட 6 நாள், அதனை அனுப்ப 5 நாள். ஆக 18 நாள். நாடகம் எழுதி முடியாமல் ஒத்திகை தொடங்காது. இசைவு பெறாமல் அச்சிடுதல் கூடாது. ஆனால் இவ்விரு தொடர்களும் ஒன்றற்காக ஒன்று காத்திருக்க வேண்டுவதில்லை. ஒரே காலத்தில் நடைபெறலாம். அழைப்பிதழ் வேலை பன்னிரண்டு நாள் கழித்துத் தொடங்கினும் கெடுதல் இல்லை. நாடகமோ, நான்கு நாளுக்குமேல் தாழ்த்தல் ஆகாது. யான் அதனைப் பத்து நாள் தாழ்த்தினேன். எஞ்சிய இருபது நாளில் எழுத்திற்கு ஐந்தும் நிறைவு ஒத்திகைக்கு ஒன்றும் போக, இருபது நாள் ஒத்திகை பதினான்கு நாளாகக் குறைந்தது. யான் சோம்பியிருக்கவில்லை, அல்லும் பகலும் உழைத்தேன். ஆயினும், எது எதற்காகக் காத்திருக்கிறது என்பதை அறியாது உழைத்தேன்.

ஒன்றன்பின் ஒன்றாக நடைபெற வேண்டிய வேலைத் தொடர்களுள் மிக நீண்டது எதுவோ, அதுவே திட்டத்தின் முழுக் காலத்தை உறுதி செய்கிறது. அத்தொடரில் ஒரு நாள் தவறினால் திட்டமே ஒரு நாள் பிந்தும். இதனைக் 'கிரிட்டிகல் பாத்' என்று வழங்குவர். நெருக்கடிப் பாதை என நாம் கூறலாம். 1950-களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் டூபாண்ட் இரசாயன நிறுவனத்திற்காக மார்கன் வாக்கர், ஜேம்ஸ் கெல்லி என்னும் இருவர் இதனைக் கணித முறையாக வகுத்தனர். ஏறத்தாழ அக்காலத்திலேயே அமெரிக்கக் கடற்படை, பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திற்காகப் 'பெர்ட்' என்னும் முறையை உருவாக்கியது. இவற்றிற்கும் முன்னரே, ஹென்றி கான்ட் என்னும் பொறியாளர் வேலைகளின் கால அளவைக் கோடுகளாக வரைந்து காட்டும் படத்தை அமெரிக்காவிற் பரப்பினார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இவ்வறிவு செயலில் விளங்கிய இடம் ஒன்று நம் தமிழகத்திலேயே உண்டு. 1914 ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பாம்பன் இரயில் பாலத்தை, 1964 டிசம்பர் 22 ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயல் சிதைத்தது. பாலத்தின் இரும்பு உத்திரங்களுள் நூற்றுக்கு மேற்பட்டவற்றைக் கடல் கொண்டது. செப்பனிட ஆறு திங்கள் என முதலிற் குறித்தனர். பின்னர் அது மூன்று திங்களாகக் குறைக்கப்பட்டது. அப்பணியை ஏற்றவர், அப்போது முப்பத்திரண்டு வயதினரான பொறியாளர் இ. ஸ்ரீதரன். புதிய உத்திரங்களைத் தொலைவிலிருந்து கொணர்வதே பெருங்காலம் கொள்ளும் வேலை. அதுவே நெருக்கடிப் பாதை. அந்நிலையில், கடலுள் வீழ்ந்த உத்திரங்கள் கிடக்கும் இடத்தைப் பற்றி மீனவர்வழிச் செய்தி கிடைத்தது. அவற்றையே மேலே எடுத்துப் பயன்படுத்த வழி கண்டனர். நீண்ட தொடர் குறுகியது. 46 நாள்களில் பாலம் மீண்டும் நின்றது. இன்று, 2025 ஆம் ஆண்டு அதன் அருகே திறக்கப்பெற்ற புதிய பாலத்தின்மேல் இரயில்கள் செல்கின்றன. ஆயினும், அந்த 46 நாள்களின் பாடம் பழமையுறவில்லை.

அப்பாடத்தில் மற்றொன்றும் அடங்கியுள்ளது. பொறியாளர் கற்ற நூல்களில் இல்லாத செய்தி மீனவரிடம் இருந்தது. எளியவர் சொல்லையும் செவிமடுக்கும் தலைமை இல்லையெனின், அச்செய்தி பயன்பட்டிராது. எனவே, திட்டத்தை ஆள்வோன் மக்களோடு கூடி வினையாற்றவும் கற்றல் வேண்டும். இதனைக் குழு மேலாண்மை என்பர். புரூஸ் டக்மன் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர், குழு வளரும் முறையை 1965 ஆம் ஆண்டில் நான்கு நிலைகளாகப் பகுத்துரைத்தார். கூடுதல், முரணுதல், நெறிப்படுதல், செயற்படுதல் என அவற்றைத் தமிழிற் கூறலாம். புதிதாகக் கூடிய குழுவில் பிணக்கு எழுந்தால், 'இக்குழு உருப்படாது' எனத் தலைவன் மனம் சோர்தல் கூடாது. பிணக்கைக் கேட்டு, ஒவ்வொரு வேலைக்கும் பொறுப்பாளர் ஒருவரைக் குறித்து, நெறிப்படுத்தல் வேண்டும். இடையூற்றை அஞ்சாது முன்னரே எடுத்துரைக்கும் உரிமையும் அனைவர்க்கும் இருத்தல் வேண்டும். என் நாடகத்தில் அமைச்சனாக நடித்த மாணவன், ஒத்திகை போதாது என்பதை முன்னரே உணர்ந்திருந்தானாம். என்னிடம் கூற அஞ்சினானாம். இதனைப் பின்னர் அறிந்து பெரிதும் வருந்தினேன்.

ஒரு திட்டத்தை நன்கு நடத்துவது ஒரு திறம். பல திட்டங்களுள் எதனை மேற்கொள்வது, எதனை முன்வைப்பது எனத் தேர்வது வேறொரு திறம். பின்னதைத் திட்டத் தொகுதி மேலாண்மை என்பர். ஓர் ஊரில் கிணறு, சாலை, பள்ளிக்கூரை ஆகிய மூன்று வேலைகள் உள்ளன எனக் கொள்வோம். வேலையாள் குழு ஒன்றே; ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு திங்கள் ஆகும். ஒன்றை முடித்து மற்றொன்றைத் தொடங்கினால், இரண்டாம் திங்களிற் கிணறும், நான்காம் திங்களிற் சாலையும், ஆறாம் திங்களிற் கூரையும் முடியும். எல்லாரையும் மகிழ்விக்க எண்ணி, திங்களுக்கு ஒன்றாக மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்தால் விளைவது யாது? கிணறு நான்காம் திங்களிலும், சாலை ஐந்தாம் திங்களிலும், கூரை ஆறாம் திங்களிலும் முடியும். மூன்றாவது வேலை ஒரு நாளும் முந்தவில்லை. முதல் இரண்டும் வீணே பிந்தின. குடிநீர் இரண்டு திங்கள் முன்னரே கிடைத்திருக்கும். அதனை ஊரார் இழந்தனர். மழைக்காலம் அண்மையில் உள்ளதெனின், பள்ளிக்கூரையையே முதலில் எடுத்தல் தகும். 'இப்போது அன்று' எனச் சிலவற்றைத் தள்ளிவைக்கும் துணிவும் மேலாண்மையே ஆகும்.

இம்மூன்று திறங்களும் இன்று உலகெங்கும் தொழிற்கல்வியாகப் பயிற்றப்படுகின்றன. அமெரிக்காவில் 1969 ஆம் ஆண்டில் திட்ட மேலாண்மை நிறுவனம் ஒன்று தோன்றியது. அது 1984 முதல் தேர்வு நடத்திச் சான்றிதழ் அளித்து வருகிறது. அச்சான்றிதழை விரும்புவோர் நூலறிவோடு, திட்டங்களை நடத்திய பட்டறிவும் உடையராதல் வேண்டும். சான்றிதழ் பெற்ற பின்னரும் தொடர்ந்து கற்று, அதனைப் புதுப்பித்துக்கொள்ளல் வேண்டும். நீந்துதலை ஏட்டில் மட்டும் கற்றல் இயலாதவாறுபோல, வினையாளுதலையும் ஏட்டில் மட்டும் கற்றல் இயலாது என்பது இதனால் விளங்கும்.

மாணவர்களே! நீங்கள் இதற்காகப் பட்டம் பெறும் நாள்வரை காத்திருத்தல் வேண்டா. அடுத்து உங்கள் வகுப்பிற்கு ஒரு விழாவோ, சுற்றுலாவோ, கண்காட்சியோ வருமாயின், ஒரு தாளை எடுங்கள். வேலைகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றற்கும் எத்தனை நாள் ஆகும், அது எதற்காகக் காத்திருக்கிறது, அதற்குப் பொறுப்பாளர் யாவர் என்பவற்றைக் குறியுங்கள். மிக நீண்ட தொடரைக் கண்டு, அதனை முதல் நாளிலேயே தொடங்குங்கள்.

அடுத்த ஆண்டு விழாவிற்கு யான் அவ்வாறே செய்தேன். முதல் நாளே நாடகத்தை எழுதத் தொடங்கினேன். முன்னர் அழுத அம்மாணவனையே கதைத்தலைவனாக நடிக்கச் செய்தேன். அழைப்பிதழை அவ்வாண்டு எவரும் அவ்வளவாகப் புகழவில்லை. அவனோ, ஒரு சொல்லும் தவறாது பேசி முடித்தான்.