புதிய மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி

சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் மோட்டார் சைக்கிள் இன்று ஆடம்பரப் பொருளன்று. பிழைப்புக்கு உதவும் கருவி. நம் நாட்டில் பதிவான ஊர்திகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு இருசக்கர ஊர்திகளே. 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர் என மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேற்பட்டோர் இருசக்கர ஊர்திகளில் சென்றவர்கள். சாலையில் மாண்டோருள் பெரும்பாலோர் உழைக்கும் வயதினர். ஆதலின் ஒவ்வோர் இறப்பும் ஒரு குடும்பத்தின் வருமான இழப்பும் ஆகும்.

திருப்பதி மாவட்டத்துச் சூளூர்பேட்டையை எடுத்துக்கொள்வோம். சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை இவ்வூரை ஒட்டிச் செல்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலையும் இங்கிருந்தே பிரிகிறது. தெருக்களில் ஓட்டிப் பழகிய இளைஞர், சில நிமிடங்களிலேயே லாரிகள் விரையும் சாலையில் கலக்க நேரிடுகிறது. உரிமத் தேர்வில் 'எட்டு' போட்டுக் காட்டுவது அவரது சமநிலையை மெய்ப்பிக்கும். எதிர்வரும் லாரியின் வேகத்தைக் கணிக்கும் ஆற்றலை மெய்ப்பிக்காது. இக்குறையை நிறைவு செய்வதே பயிற்சியின் நோக்கம்.

பயிற்சி கற்பிப்பது யாது?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும். முன், பின் பிரேக்குகளைச் சேர்த்துப் பிடித்தல், சந்திப்புகளில் வேகம் தணித்தல், பிற ஓட்டுநர் கண்ணில் படும்படி செல்லுதல் ஆகியவற்றைப் பயிற்சியாளரின் மேற்பார்வையில் பழகுவதே நலம். விபத்தின் வாயிலாகக் கற்பது பேரிழப்பு.

பயனும் வரம்பும்

பயிற்சி மட்டுமே போதுமானதன்று. எவ்வகைப் பயிற்சி விபத்தைக் குறைக்கிறது என்று உறுதியாகக் கூறச் சான்றுகள் போதா என்பதே 2010இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின் முடிவு. ஓட்டும் திறமையை மட்டும் வளர்க்கும் பயிற்சி, அளவுமீறிய தன்னம்பிக்கைக்கும் இடம் தரலாம். எனவே ஆபத்தை முன்னறிதலும் விதிகளைப் பேணுதலும் பாடத்தின் மையமாதல் வேண்டும். தலைக்கவசம் இறப்பு அபாயத்தை ஏறத்தாழ 42 விழுக்காடு குறைக்கிறது. ஆயினும் 2022இல் அதனை அணியாமல் மாண்டோர் 50,029 பேர்.

பழகுநர் உரிமம் பெற்று 30 நாள்கள் சென்ற பின்னரே நிலையான உரிமத்துக்கான தேர்வை எழுத இயலும். இந்நாள்கள் வெறும் காத்திருப்பாகக் கழியாமல், முறையான பயிற்சிக்குப் பயன்படுமாயின், சிறு செலவில் பெரும் பயன் விளையும். போக்குவரத்து அலுவலகங்களும் கல்லூரிகளும் இதற்கு முன்வருதல் வேண்டும்.