கேரம் பலகையின் முன் அமரும் முறை

கேரம் என்றதும் எல்லோரும் விரலின் வேகத்தைத்தான் பேசுகிறார்கள். ஸ்டிரைக்கரைச் சுண்டுவதற்கு முன்பே பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது என்பதே எங்கள் எண்ணம்.

நம் காசிமேட்டில் மாலையானால் தெருவிளக்கின் கீழ் பலகை போடுவார்கள். சுற்றிலும் அண்ணன்மார் கூட்டம். பெண் பிள்ளைகளுக்கு அங்கே இடம் ஏது? ஆகவே நாம் வீட்டில் பலகையைத் தரையில் போட்டு, சம்மணமிட்டு, முதுகை வளைத்து ஆடிப் பழகுகிறோம். போட்டியில் பலகை மேசை உயரத்தில் இருக்கும். நாற்காலியில் அமர வேண்டும். பழகிய கோணம் அங்கே உதவாது.

முதலில் நாற்காலியைச் சரியாகப் போட வேண்டும். ஆட்டம் தொடங்கியபின் அதை நகர்த்தவோ, எழுந்து நின்று அடிக்கவோ விதி இடம் தராது. இரு பாதங்களும் தரையில் படியட்டும். தோள் தளர்ந்து, முன்கை பலகையின் மட்டத்துக்கு வரட்டும்.

அடுத்து ஸ்டிரைக்கர். அதன் எடை 15 கிராமுக்கு மேல் போகக்கூடாது. அது இரண்டு அடிக்கோடுகளையும் தொட வேண்டும். ஓரத்துச் சிவப்பு வட்டத்தில் வைத்தால் வட்டத்தை முழுவதும் மூட வேண்டும். பாதி மூடினால் தவறு.

பிறகுதான் குறி. குழியிலிருந்து காயின் நடுவழியாக மனத்தில் ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோடு காயின் பின்புறம் வெளிவரும் இடத்தில் ஸ்டிரைக்கர் பட வேண்டும். விரலை ஸ்டிரைக்கருக்கு மிக அருகில் வையுங்கள். இடைவெளி விட்டால் நகம் வலிக்கும், குறியும் விலகும். சுண்ட வேண்டும், தள்ளக்கூடாது.

கடற்காற்றில் நம் வீட்டுப் பலகைகள் ஈரம் வாங்கிக்கொள்ளும். போரிக் பவுடர் கட்டிபட்டிருந்தால் எப்படி அமர்ந்தும் பயனில்லை!

இது ஆண்களின் ஆட்டம் என்பாரிடம் 2 பெயர்களைச் சொல்லலாம். மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகளான வியாசர்பாடி இளவழகி 2008-இல் உலகப் பட்டம் வென்றார். நமக்கு அடுத்த புதுவண்ணாரப்பேட்டையின் காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஒற்றையர், இரட்டையர், அணி என 3 தங்கம் பெற்றார்.

நம் பள்ளியிலும் மேசை உயரத்தில் ஒரு பலகையும் 2 நாற்காலிகளும் கிடைத்தால் மதிய இடைவேளையில் பழகலாம். அதுவரை வீட்டுப் பலகையை ஸ்டூல்மீது வைத்து, காய்களே இல்லாமல், ஸ்டிரைக்கரை மட்டும் தினமும் 20 முறை எதிர்க்குழிக்கு நேரே சுண்டிப் பாருங்கள்.