கானில் வளரும் புல்லை வெட்டுவதா, விடுவதா?

மழைக்காலம் வந்தால் லயத்துக் கானில் புல் மண்டிவிடும். வெட்டுவதா, விடுவதா என்று பலரும் நம்மிடம் கேட்கிறார்கள். இடத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

தண்ணி கொஞ்சமாக ஓடும்போது புல் நிமிர்ந்து நிற்கும். வேகத்தைக் குறைக்கும், அடித்துவந்த மண் அங்கேயே படியும். தண்ணி கூடினால் புல் வளைந்து படுத்துக்கொள்ளும். தடை குறையும், தண்ணி மேலாக ஓடும். படுத்த புல் பாய் விரித்ததுபோல் அடிமண்ணைக் காக்கும். அமெரிக்காவில் ஸ்டில்வாட்டர் என்ற ஊரில் 1940களில் புல் வளர்த்த கால்வாய்களில் தண்ணீர் விட்டு அளந்தவர்கள் கண்டதும் இதுதான்.

ஆனால் தடித்த செடியும் ஆள் உயரப் புல்லும் சுலபத்தில் படுக்காது. அவை நெருங்கி வளர்ந்தால் வேகம் மூன்றில் ஒரு பங்காகக்கூட இறங்கிவிடும். போக வழியில்லாத தண்ணி கரைக்கு மேலே வரும்.

கல்கிசை, தெஹிவளை, வெள்ளவத்தைப் பக்கம் வேலைக்குப் போன நம்ம பிள்ளைகள் இதைப் பார்த்திருப்பாங்க. அங்கே நிலம் தட்டை. கால்வாயில் செடியைப் படுக்க வைக்கும் வேகம் இல்லை. போதாததற்கு ஆகாயத்தாமரை மிதந்து மூடும். அதை ஒழிக்க 1909லேயே சட்டம் போட்டார்கள். 2010 நவம்பர் மழையில் பாராளுமன்ற வளவுக்குள்ளும் வெள்ளம் வந்தது. சதுப்பு நிலங்களை நிரப்பியது ஒரு காரணம், கால்வாய்கள் அடைபட்டது இன்னொரு காரணம்.

நம்ம மலையில் சரிவு அதிகம். புல்லே இல்லாத மண் கானைத் தண்ணி அரித்துப் பள்ளமாக்கிவிடும். ஆகவே:

1. மண் கானின் ஓரத்தில் குட்டைப் புல்லை விட்டுவையுங்கள். மம்பட்டியால் சுரண்டாமல் கத்தியால் வெட்டுங்கள்.

2. கானின் நடுவில் வளரும் புதர், தடித்த செடிகளை அகற்றுங்கள். சீமெந்துக் கானிலும் மதகு வாயிலும் ஒரு செடியும் நிற்கக்கூடாது.

3. வெட்டிய புல்லையும் சொப்பிங் பேக்கையும் கானில் போடாதீங்க.

அடைபட்ட தண்ணி நிலத்துக்குள் இறங்கினால் மண்சரிவு ஆபத்தும் கூடும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நாம் மறக்க முடியாது. கானைச் சுத்தமாக வைத்தால் மட்டும் மண்சரிவு நிற்காது. நிலத்தில் வெடிப்போ, திடீரென்று கலங்கல் ஊற்றோ கண்டால் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் உடனே வெளியேறுங்கள். பிறகு கிராம சேவகருக்குச் சொல்லுங்கள்.

கான் எல்லா வீட்டுக்கும் பொது. இந்த ஞாயிறே லயத்தார் எல்லோரும் சேர்ந்து ஒரு மணி நேரம் ஒதுக்குவோம்.