சின்னத் திரைக்கு எந்த மென்பொருள்?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ஈஎஸ்பி32 பலகையும் சிறிய வண்ணத் திரையும் வாங்கியிருக்கிறோம். எல்விஜிஎல், அடாஃப்ரூட் ஜிஎஃப்எக்ஸ், மைக்ரோபைத்தான் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் தொடங்கலாம்?

பதில்: மைக்ரோபைத்தானில் தொடங்கச் சொல்லுங்கள். புதிதாகக் கற்பவருக்கு முக்கியம், செய்த தவறு உடனே தெரிவதுதான். அதில் ஒரு வரியைத் தட்டினால் பலகை அப்போதே பதில் சொல்லும். ஜிஎஃப்எக்ஸ் நல்ல நூலகம்தான். ஆனால் வட்டத்தைக் கொஞ்சம் நகர்த்தக்கூட நிரலைத் தொகுத்து மறுபடி ஏற்ற வேண்டும். பைத்தான் மெதுவானது என்பார்கள். புள்ளி புள்ளியாக வரைந்தால் உண்மைதான். ஆனால் மைக்ரோபைத்தானின் ஃப்ரேம்பஃப் தொகுதியில் செவ்வகத்தை நிரப்பும் வேலையை உள்ளே சி நிரலே செய்கிறது. கற்கும் வேலைக்கு அந்த வேகம் தாராளம்.

எல்விஜிஎல்லில் பொத்தானும் பட்டியலும் அழகாக வரும், ஸ்கொயர்லைன் ஸ்டுடியோவில் இழுத்துப் போட்டே திரையை வடிவமைக்கலாம், பிறகு ஏன் சுற்றுவழி என்று கேட்கலாம். அந்த ஸ்டுடியோ உருவாக்கித் தரும் சி நிரலில் பிழை வந்தால் பிள்ளை திகைத்து நிற்பாள். தவிர, நினைவகக் கணக்கு அவளுக்குப் பிடிபட வேண்டும். 320×240 திரையில் புள்ளிக்கு 2 பைட் என்றால் முழுப் படத்துக்கு 1,53,600 பைட். ஈஎஸ்பி32-இல் இருப்பதே 520 கிலோபைட். அதில் மைக்ரோபைத்தானுக்கும் வைஃபைக்கும் பங்கு போய்விடும். இடம் போதாமல் பிழைச்செய்தி வரும்போது, திரையைப் பட்டை பட்டையாக வரைய அவளே யோசிப்பாள். எல்விஜிஎல் திரையில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள இடையகத்தோடு (பஃபர்) வேலை செய்வதும் இப்படித்தான். தொடுதிரை, மெனு என்று தேவை வளர்ந்தபின் அதற்கு மாறலாம்.