சிறுவர் வகுப்பிற் கைவினை

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்பாற் பிள்ளைக்குரிய பருவங்களுள் இறுதி மூன்றனையும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என வகுத்தனர். முற்பட்ட பருவங்களிற் குழந்தை பிறரால் தாலாட்டப் பெறும். பிறர் வேண்ட முத்தந்தரும். பிறர் அழைக்க வரும். இம்மூன்று பருவங்களிலோ அது தன் கையாலேயே ஒன்றனைச் செய்யத் தொடங்குகின்றது. மணல் வீட்டைக் காலாற் சிதைக்கும், பறையை முழக்கும், தேரை உருட்டும். பட்டினப்பாலை மூன்று காலுடைய சிறுதேரைக் கூறும். பெரும்பாணாற்றுப்படையோ தச்சர் மக்கள் விரும்புமாறு புனைந்த தேரைச் சிறுவர் உருட்டித் திரிந்து இளைப்புற்றதைக் கூறும். குழந்தை கையால் அறிந்து வளர்வது என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்கு இவை போதிய சான்றாம்.

இங்ஙனம் வளர்ந்த கை ஐந்தாம் வயதிற் பள்ளிக்கூடத்துட் புகுகின்றது. புகுந்த அன்றே அதற்கு ஓய்வு கொடுத்து விடுகின்றோம். கண் பார்க்கவும், காது கேட்கவும், வாய் ஒப்பிக்கவும் வேலை உண்டு. கைக்கு எழுதுதல் ஒன்றே வேலை. எழுத்து விரைவில் வாராத பிள்ளைக்கு அவ்வேலையும் தண்டனையாகி விடுகின்றது. நம் கல்லூரியிற் பயில்வோருட் பலர் நாளை ஆசிரியராகச் செல்லவிருப்பவர். முன்னரே ஆசிரியராய் விளங்குவோரும் இவ்விதழைப் படிப்பர். ஆதலின், பொருட்செலவு மிகாமல், சிற்றூர்ப் பள்ளியிலும் செய்யத்தக்க எளிய கைவினைகள் சிலவற்றையும், அவற்றாற் குழந்தை பெறும் பயனையும் ஈண்டுச் சுருங்க உரைக்கக் கருதினேன்.

கைவினையைக் கல்வியின் நடுவே வைத்த மேனாட்டாருள் தலைசிறந்தவர் பிராபெல் என்னும் ஜெர்மானியர். 1782-ம் ஆண்டிற் பிறந்த இவர், ஓராண்டும் நிரம்பாத பருவத்திலேயே தாயை இழந்தவர். 1808 முதல் 1810 வரை சுவிட்சர்லாந்தில் பெஸ்டலாசியின் பள்ளியில் இருந்து பயிற்றும் முறையை நேரிற் கண்டார். பின்னர்ப் பெர்லின் நகரத்திற் பளிங்குக் கற்களின் வடிவங்களை ஆராயும் பேராசிரியர் ஒருவர்க்கு உதவியாளராயினார். 1837-ம் ஆண்டிற் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் இளங்குழந்தைகட்கென ஒரு நிலையம் நிறுவி, 1840-ல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்', அஃதாவது 'குழந்தைத் தோட்டம்' என்று பெயரிட்டார். நூற்பந்து, மர உருண்டை, கன சதுரக் கட்டை முதலியவற்றை ஒரு முறைப்படக் குழந்தையின் கையிற் கொடுத்தார். காகிதம் மடித்தல், பின்னுதல், களிமண் பிசைதல் ஆகிய பணிகளையும் வகுத்தார். அப்பணிகளுள் ஒன்று, ஊறவைத்த பட்டாணியிற் சிறு குச்சிகளைச் செருகி வடிவங்கள் சமைத்தல். பளிங்கின் ஒழுங்கைக் கண்ட கண்ணே இப்பணியை வகுத்தது எனலாம்.

இத்துணை எளிய விளையாட்டும் அரசியலாரின் அச்சத்திற்கு ஆளாயிற்று. 1851-ம் ஆண்டிற் பிரஷ்ய அரசாங்கம் இப்பள்ளிகளைத் தடை செய்தது. பிராபெலின் தமையன் மகன் எழுதிய நூலொன்றனை இவருடைய கொள்கையாகப் பிறழ உணர்ந்ததும் அத்தடைக்கு ஒரு காரணம். அடுத்த ஆண்டே அவர் காலமானார். 1860-ல் தடை நீங்கிற்று; அப்பயனை அவர் காணக் கொடுத்து வைக்கவில்லை. ஆயினும் அவர் மாணாக்கியர் அம்முறையைப் பல நாடுகளிலும் பரப்பினர்.

நம் நாட்டிற்கு இப்பணி மிகப் பொருந்துவது. பட்டாணிக்கு மாறாகக் கொண்டைக் கடலையும், குச்சிக்கு மாறாகத் தென்னை ஈர்க்கும் போதும். கடலையை முதல்நாள் இரவு நீரில் ஊறவைத்துக் காலையில் வடித்து, ஒரு துணியிற் பரப்பி ஈரம் போக உலர்த்த வேண்டும். ஊறல் குறைந்தாற் கடலை பிளக்கும்; மிகுந்தாற் குழையும். ஈர்க்கின் அடிப்பகுதி தடிப்பாகவும் நுனி மெலிந்தும் இருத்தலின், நடுப்பகுதியை மட்டும் கொண்டு, நான்கு அங்குல நீளமாக ஒரே அளவில் நறுக்க வேண்டும். நறுக்கும் வேலை ஆசிரியருடையது. நாற்பது பிள்ளைகளை இருவர் இருவராக அமர்த்தினால் இருபது இணைகள். ஓரிணைக்கு 6 கடலையும் 12 ஈர்க்குத் துண்டும் கொடுத்தால், வகுப்பு முழுமைக்கும் 120 கடலையும் 240 துண்டுமே வேண்டும். இரண்டு மூன்று பிடி கடலையும், புதிய துடைப்பத்தின் ஒரு பகுதியுமே இப்பாடத்தின் முழுச் செலவாம்.

முதலில், மூன்று கடலையும் மூன்று துண்டும் கொண்டு ஒரு முக்கோணம் செய்யச் சொல்க. பின்னர் நான்கும் நான்கும் கொண்டு ஒரு சதுரம் செய்யச் சொல்க. இரண்டனையும் கையிற் பிடித்து மெல்லத் தள்ளிப் பார்க்குமாறு கூறுக. சதுரம் ஒரு பக்கமாகச் சாயும், முக்கோணம் சாயாது. ஆசிரியர் இதனைத் தாம் கூறாது குழந்தையின் விரலே கூறுமாறு விடுதல் வேண்டும். சாயும் சதுரத்தை நிமிர்த்தற்கு வழி யாது என்று மட்டும் வினவுக. மூலைக்கு மூலை ஒரு நீண்ட ஈர்க்கை இடும் உபாயத்தை யாரேனும் ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். அங்ஙனம் இட்டபின் சதுரம் இரண்டு முக்கோணமாய் உறுதிப்படும். வீட்டுக் கூரையின் கைம்மரமும், இருப்புப் பாலத்தின் குறுக்குச் சட்டமும் ஏன் முக்கோணமாய் அமைந்தன என்பது அப்பொழுதே விளங்கும்.

அடுத்த நாளிற் கனவடிவங்கட்குச் செல்லலாம். 4 கடலையும் 6 துண்டும் நான்முக வடிவாம். 5 கடலையும் 8 துண்டும் சதுரத் தளமுடைய கூர்ங்கோபுரமாம். 6 கடலையும் 12 துண்டும் எண்முக வடிவாம். 8 கடலையும் 12 துண்டும் கன சதுரமாம். இவற்றுள் நான்முகமும் எண்முகமும் முழுதும் முக்கோணங்களாலாகியவை; ஆதலின் உறுதியாய் நிற்கும். கன சதுரமோ தள்ளாடும். அதன் ஆறு முகங்கட்கும் முகத்திற்கொன்றாகக் குறுக்கு ஈர்க்கு இட்டு, மொத்தம் 18 துண்டாக்கினால் அதுவும் அசையாது நிற்கும். சற்றுப் பெரிய வகுப்பாயின், முனைகளையும் முகங்களையும் கூட்டி விளிம்புகளைக் கழிக்கச் சொல்லுக. குறுக்கிடாத இந்நான்கு வடிவங்களிலும் 2 என்னும் எண்ணே எஞ்சும். ஆய்லர் என்னும் பெருங் கணிதர் பதினெட்டாம் நூற்றாண்டில் வெளியிட்ட உண்மையைக் குழந்தை கடலையைக் கொண்டே கண்டுவிடும். செய்த வடிவங்களை நிழலில் இரண்டு நாள் வைத்தாற் கடலை உலர்ந்து சுருங்கி ஈர்க்கை இறுகப் பற்றிக் கொள்ளும்.

இவ்விளையாட்டின் பயனுக்கு ஒரு வரலாறு கூறுவேன். 1895-ம் ஆண்டில் அமெரிக்காவிற் பிறந்த பக்மின்ஸ்டர் புல்லர் என்பார் குழவிப் பருவத்திற் பார்வைக் குறை மிக்கவர். குழந்தைப் பள்ளியிற் குச்சியும் பட்டாணியும் கொடுத்தபொழுது, ஏனைய பிள்ளைகள் தாம் கண்டிருந்த வீடுகளைப் போலச் சதுரமாய்க் கட்டினர். கட்டடங்களின் உருவைத் தெளியக் கண்டிராத இவரோ, எது கைக்கு உறுதியாய் இருக்கின்றதென்று தடவித் தடவி முக்கோணங்களாலேயே ஓர் அமைப்பைச் சமைத்தார். இதனை அவரே பிற்காலத்திற் கூறியுள்ளார். அவ்வமைப்பின் வழிவந்த சட்டகத்திற்கு 1961-ல் அவர் காப்புரிமை பெற்றார். 1967-ல் மாண்ட்ரீல் நகரத்துப் பொருட்காட்சியில் முக்கோணங்களால் இயன்ற அவருடைய பெருங்குவிமாடம் எழுந்தது. 1985-ல் அறுபது கரி அணுக்கள் பந்துபோற் கூடிய பொருளொன்றைக் கண்ட அறிஞர், அம்மாடத்தை நினைந்து அதற்கு அவர் பெயரையே இட்டனர். கண்ணாற் பின்னடைந்த குழந்தையைக் கை முன்னே கொண்டு சென்றமை காண்க.

மற்றொரு பொருளும் உண்டு. புகையிலைக் குழாயின் உட்புறத்தைத் துடைத்தற்கென மேனாட்டார் ஒரு கம்பி செய்தனர். இரண்டு மெல்லிய கம்பிகளை முறுக்கி, இடையே நூற்குஞ்சங்களைச் சிக்க வைத்தது அது. அதனையே பல நிறங்களிற் சற்றுத் தடிப்பாகச் செய்து சிறுவர் கைப்பணிக்கு விற்கின்றனர். 'செனில்' கம்பி என்பதும் அதற்கொரு பெயர். பிரெஞ்சு மொழியில் அச்சொல் கம்பளிப் புழுவைக் குறிக்கும். புழுவைப் போன்ற உரோமமும் நெளிவும் உடைமையால் அப்பெயர் பொருந்துவதே. வளைத்தால் வளைத்த வண்ணம் நிற்றல் இக்கம்பியின் சிறப்பு. பசையும் கத்திரிக்கோலும் இன்றியே இதனால் வேலை செய்யலாம்.

மூன்று கம்பிகளை நடுவே சேர்த்து முறுக்கினால் ஆறு கால், எறும்பாயிற்று. நான்கு கம்பிகளை முறுக்கினால் எட்டுக் கால், சிலந்தியாயிற்று. எறும்பு முதலிய பூச்சியினம் வேறு, சிலந்தியினம் வேறு என்னும் இயற்கைப் பாடத்தை இதன்பின் மறக்கும் பிள்ளை இல்லை. ஒரு கம்பியை எழுதுகோலிற் சுற்றிக் கழற்றினாற் சுருண்ட பாம்பு. மேலும், எழுத்துப் பயிற்சிக்கும் இஃது உதவும். ஒரு மடிப்பில் 'ட', இரண்டு மடிப்பில் 'ப' என்று எளிய எழுத்திற் றொடங்கி, வளைவுடைய எழுத்துக்களுக்குச் செல்லலாம். பலகையில் எழுதியதை அழித்தாற் பிழையும் மறையும். கம்பியிற் பிழைத்ததைச் சிறிதே வளைத்துத் திருத்தலாம். கம்பி கிட்டாத ஊரில் ஈரக் களிமண் திரியோ, தடித்த சணற்கயிறோ இவ்வெழுத்துப் பணிக்குப் போதும்.

இரண்டு எச்சரிக்கைகள் இன்றியமையாதன. கம்பியின் முனை கூரியது. ஒவ்வொரு முனையையும் கால் அங்குலம் மடித்து விட்டே குழந்தையிடம் கொடுக்க வேண்டும். கடலையை வாயிலும் மூக்கிலும் காதிலும் இடுதல் இளஞ்சிறார் இயல்பு. மூச்சுக் குழலிற் சிக்கினால் உயிர்க்கே இடுக்கண். ஆதலின் மிக இளையோர்க்கு இப்பணி ஆகாது. ஏனையோர்க்கும் எண்ணிக் கொடுத்து எண்ணியே வாங்க வேண்டும். அவ்வெண்ணிக்கையும் ஒரு கணக்குப் பாடமாகி விடும்.

யான் சனிக்கிழமைதோறும் உதவிக்குச் செல்லும் தொடக்கப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இருக்கின்றாள். வாசிக்கச் சொன்னாற் றலை கவிழ்ந்து நிற்பாள்; வகுப்பில் அவள் குரலைக் கேட்டவர் அரியர். கடலைப் பாடத்தன்று அவள் சதுரம் இருமுறை சாய்ந்தது. மூன்றாம் முறை ஒருவரும் சொல்லாமலே குறுக்கே ஓர் ஈர்க்கை வைத்தாள். அயலிற் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு, "எப்படிச் செய்தாய்?" என்று கேட்டனர். "குறுக்கே ஒன்று வைத்தால் ஆடாது" என்றாள். ஆசிரியை அத்தொடரை அப்படியே கரும்பலகையில் எழுதினார். அதனை அச்சிறுமி விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். அவள் தானே முன்வந்து படித்த முதற்றொடர் அது. தமிழ் பயில்வோனாகிய யான் அன்று ஓர் உண்மை உணர்ந்தேன். சொல்லுதற்கு ஒரு பொருள் உண்டாயினாற் சொல் தானே வரும். தன் சொல்லாயின் அதனைப் படிக்கவும் மனம் வரும்.

கைவினைக்கு நேரமில்லை என்பர் சிலர். வாரத்தில் ஒரு மணி நேரம் போதும்; அந்நேரத்திற் கணக்கும், இயற்கைப் பாடமும், மொழியும் உடன் நடைபெறுதலின் இஃது இழப்பாகாது. 1937-ல் வார்தாவிற் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலை நடுவாகக் கொண்டு கல்வி அமைய வேண்டுமென்று காந்தியடிகள் வற்புறுத்தியதும் நினைவிற்குரியது. நூற்றலும் நெய்தலும் பயிலத் தகாத இளங்கைகட்கு ஈர்க்கும் கடலையும் முதற்படியாகும்.

வேறு சிலர் இப்பணியைச் செய்விக்கின்றனர். ஆனால் ஆசிரியர் செய்த ஒரு மாதிரியைப் பார்த்து நாற்பது பிள்ளைகளும் நாற்பது கிளிகள் செய்வதோடு நிறுத்தி விடுகின்றனர். கோணலாய் வந்ததை ஆசிரியரே நிமிர்த்துத் தருகின்றார். ஆண்டு விழாக் காட்சியில் அழகாய் இருக்கும் என்பது கருத்து. அங்ஙனம் செய்தாற் கிளி அழகாகும். பிள்ளையோ தன் கையை நம்பாது போகும். செயல்முறையை ஒருமுறை காட்டி, வினாவை எழுப்பி, விடையைக் குழந்தைக்கே விட்டு வைத்தல்தான் ஆசிரியர் கடமை. சாய்ந்த சதுரம் கற்பித்ததை நிமிர்ந்த கிளி கற்பிக்காது.

இவ்விதழைப் படிக்கும் தோழர்களுள் ஆசிரியத் தொழிலை மேற்கொள்வோர் தம் முதல் ஆண்டிலேயே இதனை ஒருமுறை செய்து பார்ப்பாராக. முதல்நாள் இரவு இரண்டு பிடி கடலையை ஊறவைத்தல் ஒன்றே அதற்கு வேண்டும் ஆயத்தம். வகுப்பின் கடைசி வரிசையில் வாய் திறவாது இருக்கும் பிள்ளையின் கையில் முதற் கடலையைக் கொடுப்பாராக.